நாலு பிள்ளை வளர்த்தவளுக்குச் சட்டம் எதற்கு?

"நாலு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குக் குழந்தை பார்க்க எவன் வந்து கற்றுக்கொடுப்பது?" என்ற ஒரே கேள்வியில் நம் நாட்டில் ஒரு பெரிய விவகாரம் முடிந்துபோய்விடுகிறது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் தம் கைக்குழந்தைகளைக் காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் தூக்கிச் செல்லும் வீடுகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் தெருவுக்குத் தெரு பெருகிவிட்ட இக்காலத்தில், அவ்வீடுகளில் சிசுக்களைப் பராமரிப்பதற்குக் குறைந்தபட்ச நியமங்கள் சில இருக்கவேண்டும், அவற்றைச் சர்க்கார் எழுதி வைப்பதோடு யாரேனும் ஒருவர் நேரில் வந்து பார்க்கவும் வேண்டும் என்று எவரேனும் வாய் திறந்தால், படித்தவரும் படியாதவரும், பெற்றோரும் பராமரிப்பவரும், சில சமயம் அதிகாரிகளுமே ஒருமித்துச் சொல்லும் மறுமொழி இதுதான். இந்த அபிப்பிராயம் தவறு என்பதும், யாருடைய அநுகூலத்துக்காக இது சொல்லப்படுகிறதோ அந்த ஏழைத் தாய்க்கும் அந்த எளிய பராமரிப்பாளிக்குமே இது தீங்கு விளைவிக்கிறது என்பதும் என் கட்சி.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துரைத்துவிட்டுப் பிறகு மறுப்பதே முறை. அவர்கள் கூறுவது யாதெனின்: பிரசவ விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய 2017-ஆம் வருஷத்துத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது, ஆனால் ஐம்பதுக்குக் குறைந்த ஆட்களை வைத்து நடக்கும் கடையிலும் கிளினிக்கிலும் தையற்கூடத்திலும் வேலை செய்கிறவளுக்கும், நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கும் அந்தக் காப்பகத்தால் ஆனது ஒன்றுமில்லை. அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரையில் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ள இடமிருப்பதால், வேலைக்குத் திரும்பும் நாளில் சில தாய்மாரின் குழந்தைக்கு நாலு மாதந்தான் நிரம்பியிருக்கும். அங்கன்வாடியில் கொண்டு உட்காரவைக்கும் வயது அன்று. மாமியார் ஊரில் இருக்கிறாள். தாயாருக்கு முழங்கால் வலி. இந்நிலையில் அடுத்த தெருவில், தன் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, கையில் பொழுதும் மனத்தில் ஈரமும் உள்ள ஓர் அம்மாள், "விட்டுட்டுப் போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்கிறாள். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்கிறாள். அத்தொகையில் அவள் வீட்டு அடுப்பும் எரிகிறது. இருவருக்கும் பிரயோசனமான இந்த ஏற்பாட்டில் சர்க்கார் நுழைந்து லைசென்ஸ் என்றும் இன்ஸ்பெக்டர் என்றும் ஆரம்பித்தால், அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொள்வாள், தாய் வேலையை விடுவாள், அல்லது அதே காரியம் திருட்டுத்தனமாக நடக்கும். அன்பைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. அநுபவத்துக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. தினம் இருமுறை வந்து பார்க்கும் தாயைவிடக் கண்டிப்பான இன்ஸ்பெக்டர் உலகத்தில் இல்லை. அப்படி என்னதான் ஆகிவிட்டது இத்தனை காலமும்?

இவற்றுள் கடைசிக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஓரளவு நியாயம் உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பரிசீலித்தால் நிலைநிற்பது எதுவுமில்லை.

1. எந்த அநுபவம்? நாலு பிள்ளைகளை வளர்த்த அம்மாள் அவர்களை ஒரே சமயத்தில் வளர்க்கவில்லை, தனியாகவும் வளர்க்கவில்லை. ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று வருஷ இடைவெளியில் பிறந்த அப்பிள்ளைகளைக் குளிப்பாட்ட மாமியார் இருந்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்ற நாத்தனார் இருந்தாள். மூன்றாவது பிறந்தபோது மூத்த பெண் தூளியை ஆட்டினாள். உரைமருந்து உரைத்துக் கொடுக்க எதிர்வீட்டுப் பாட்டி வந்தாள். அந்த வீட்டையும் அந்த மனிதர்களையும் கழித்துவிட்டு, இரண்டு அறைப் போர்ஷன் ஒன்றில், ஐந்து மாதம், ஏழு மாதம், பத்து மாதம், பதினாலு மாதம் என்று நாலு தாய்மாரின் நாலு குழந்தைகளை, ஒன்று தூங்கும்போது மற்றொன்று விழித்து, ஒன்றுக்குப் பால் கலக்கும்போது மற்றொன்று வயிற்றால் போகிற குழந்தைகளை, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை ஒற்றை ஆளாய்ச் சமாளிப்பதற்கு அந்தப் பழைய அநுபவம் எந்த அளவுக்குத் துணை செய்யும்? இது வேறு தொழில். அவள் முன்பு செய்திராத தொழில்.

இதுவுமன்றி, ஒரு மனுஷியின் ஆயுட்கால அநுபவத்துக்கு எட்டவே எட்டாத உண்மைகள் சில உண்டு. மேனாடுகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, சிசுவைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்று வைத்தியர்களும் குழந்தை வளர்ப்புப் புஸ்தகங்களும் உபதேசித்தன. தாய்மார் அப்படியே செய்தனர். தங்கள் குழந்தைகள் நன்றாகத் தூங்கி நன்றாக வளர்ந்ததைக் கண்டு, அதுவே சரி என்று மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்தனர். அங்ஙனம் படுத்த ஆயிரம் குழந்தைகளில் ஓரிரண்டு தூக்கத்திலேயே காரணந்தெரியாமல் இறந்துபோயின. எஞ்சிய தொள்ளாயிரத்துச் சொச்சம் தாய்மாரின் அநுபவம், குப்புறப் படுப்பதால் ஒரு கெடுதலும் இல்லை என்றே சாட்சி சொல்லிற்று. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் கண்ட உலகம் அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை புலப்பட்டது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாத்திப் படுக்கவையுங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியபின் இவ்வகை மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. கிடைத்திருந்த சான்றுகளை 1970-லேயே முறையாகத் தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் பதினாயிரத்துக்கு மேலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகள் எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஐம்பதினாயிரமும் சிசு மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்று 2005-ல் ரூத் கில்பர்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். நல்லெண்ணமும் அநுபவமும் நிறைந்த தாய்மாரின் கைகளில், அவர்கள் அறியாமலே நிகழ்ந்தது இத்தனையும்.

நம் பக்கத்தில் மல்லாத்திக் கிடத்துவதே பழைய வழக்கம், ஆகையால் நமக்கு இது பொருந்தாது என்பார்கள். வழக்கம் நல்லதே. ஆனால் அதே வழக்கம்தான், தொண்டையில் நிலக்கடலை சிக்கித் திணறும் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டச் சொல்கிறது. அங்ஙனம் தோண்டினால் வெளியே வரவேண்டிய பொருள் இன்னும் உள்ளே இறங்கி மூச்சை அடியோடு அடைத்துவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டும், திருப்பி மார்பெலும்பின்மேல் ஐந்து அழுத்தும் மாறி மாறிக் கொடுக்கவேண்டும் என்பதை எந்தப் பாட்டியும் சொல்லிவைத்ததில்லை. அதே வழக்கம்தான் பிறந்த சிசுவின் நாவில் தேன் தடவச் சொல்கிறது. ஒரு வயது நிரம்பும் வரையில் தேனே ஆகாது என்பது வைத்தியம். வழக்கத்தில் எது அமிர்தம், எது விஷம் என்று வழக்கமே பிரித்துச் சொல்லாது.

2. வீடு வீடுதானே என்கிறார்களே, யாருக்கு வீடு? அந்த அம்மாளுக்கு அது வீடு. அவள் கணவனுக்கும் படுக்கையில் இருக்கும் மாமனாருக்கும் வீடு. அங்கே கொண்டு விடப்படும் சிசுவுக்கு அது அந்நிய இடம், அவளுக்கே அது கூலி வாங்கும் தொழிலிடமுமாகும். வீடு என்ற சொல்லிலேயே பாதுகாப்பு குடியிருப்பதாக நாம் பாவிப்பது நம் பாசத்தின் விளைவு. குளியலறையில் ஒரு வாளி தண்ணீர். தவழும் குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகீழாய் விழுந்தால் அரை வாளி போதும். மாமனாரின் தலையணையடியில் சர்க்கரை வியாதி மாத்திரை. சிலவகை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கொதிக்கும் ரசம் இறக்கி வைத்த இடம் தரை. வாசலில் இரும்புக் கிரில், அதற்குப் பூட்டு, பூட்டின் சாவி ஆணியில்.

அந்தக் கிரில்லைப் பற்றிச் சற்று நின்று யோசிக்கவேண்டும். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் ஒன்றின் கூரை பற்றி எரிந்ததில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அவர்கள் ஓடத் தெரிந்த பிள்ளைகள். ஓடத் தெரியாத நாலு சிசுக்களோடு ஒரு ஸ்திரீ இருக்கும் வீட்டில் சமையல் வாயு கசிந்து தீப்பற்றினால், அவளுக்குள்ள கைகள் இரண்டு. எந்த இரண்டு குழந்தைகளை அவள் தூக்கிக்கொண்டு ஓடுவது? இந்தக் கேள்விக்கு அன்பும் பதில் சொல்லாது, அநுபவமும் பதில் சொல்லாது. எண்ணிக்கை ஒன்றே பதில் சொல்லும். அதனால்தான் இங்கிலாந்தில் வீட்டில் குழந்தை பார்ப்பவள் எட்டு வயதுக்குட்பட்டவர்களில் ஆறு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், அவர்களுள் சிறு குழந்தைகள் மூன்றுக்கு மேற்படலாகாது என்றும், ஒரு வயதுக்குட்பட்டது சாதாரணமாக ஒன்றுதான் என்றும் வரையறுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் கூடி வெளியிட்ட நியமத் தொகுப்பு, ஒற்றை ஆள் நடத்தும் வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருவர் இருந்தால் அதற்குமேல் வேறு குழந்தையே கூடாது என்கிறது. இரண்டு கைக்கு இரண்டு குழந்தை என்பதே அதன் தாத்பரியம். ஒற்றை ஆளிடம் ஐந்து சிசுக்கள் என்பது நம்மூரில் யார் புருவத்தையும் உயர்த்துவதில்லை.

நம் சட்டத்துக்கு இந்த எண்ணமே தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளர் பலர் வேலை செய்யும் ஆலையில் அவர்களுடைய குழந்தைகளுக்குத் தனி இடம் வேண்டும் என்றதோடு நில்லாமல், அவ்விடம் வெளிச்சமும் காற்றும் சுத்தமும் உடையதாய், சிசு பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றும் எழுதிற்று. ஆலைக்குள் இருந்தால் பயிற்சி பெற்றவளின் பராமரிப்புக்கு உரிமையுள்ள குழந்தை, ஆலைக்கு வெளியே அடுத்த தெரு வீட்டுக்குப் போனதும் அந்த உரிமையை எந்த நியாயத்தால் இழந்துவிடுகிறது? குழந்தையின் உடம்பு மாறிவிட்டதா?

3. அன்பைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது, உண்மை. அன்பைக் கொண்டு பால் பவுடரை அளக்கவும் முடியாது. சென்னையின் தென்புறத்துப் புறநகர் ஒன்றில் இத்தகைய ஒரு வீட்டின் சமையலறையைச் சாவகாசமாகப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. மேடையின்மேல் நாலு பால் புட்டிகள். எந்தப் புட்டி எந்தக் குழந்தையுடையது என்று தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தது. அந்த யுக்தியை நான் மெச்சினேன். ஆனால் சிவப்பு நூல் புட்டியில் பவுடரைக் கரண்டி தளும்பக் குவித்துப் போட்ட அம்மாள், "கூடக் கொஞ்சம் போட்டா நல்லா தூங்கும்ங்க" என்றாள். பச்சை நூல் புட்டியில் ஒரு கரண்டி குறைத்தாள், ஏனெனில் அக்குழந்தையின் டின் தீரும் தறுவாயில் இருந்தது, தாய்க்குச் சம்பளம் வர இன்னும் நாலு நாள் இருந்தது. இரண்டுமே இரக்கத்தால் செய்யப்பட்டவை. பவுடர் மிகுந்தால் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குத் தாங்காது, உடம்பில் நீர் வற்றும். குறைந்தால் வயிறு நிரம்பியும் பட்டினி. பிறகு, மத்தியானத்துக்கென்று கலந்த பாலை வெதுவெதுப்பாய் ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினாள். பவுடரே கிருமியற்ற வஸ்து அன்று, ஆதலால் 70 டிகிரிக்குக் குறையாத சூடுள்ள நீரில் கலந்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் புகட்டி, மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. கிருமி பெருகுவதற்கு வெதுவெதுப்பான ஃபிளாஸ்கைவிடத் தோதான இடம் இல்லை. இதை அந்த அம்மாளுக்குச் சொன்னவர் யாரும் இல்லை. சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

தாய்ப்பாலின் கதை இதைவிடப் பரிதாபகரமானது. பிழிந்து மூடிய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்து, வேளாவேளைக்குப் பாலாடையால் புகட்டினால் வேலைக்குப் போகும் தாயின் பாலையே குழந்தைக்குக் கொடுக்க முடியும். ஆனால் வீட்டு ஃபிரிட்ஜில் மீன்குழம்புக்குப் பக்கத்தில் வேறொருத்தியின் தாய்ப்பாலை வைக்க அந்த வீட்டார் அருவருப்படைவதும், கேட்கத் தாய் கூசுவதும், முடிவில் பவுடர் டின் வாங்கப்படுவதும் பல வீடுகளில் நடக்கிற காரியம். 'தாய் கொண்டுவரும் பாலுக்கு ஒரு தட்டு ஒதுக்கவேண்டும்' என்று ஒரு வரி எங்கேனும் எழுதியிருந்தால், கேட்பதற்கு அவளுக்கு வாய் வந்திருக்கும்.

அன்புக்கு அயர்ச்சியும் உண்டு என்பதை இவ்வாதக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். மூன்று குழந்தைகள் ஏககாலத்தில் வீறிட்டழும் பிற்பகலில், நல்லவளாகிய ஒருத்தி சளிக்கு வைத்திருந்த சிரப்பில் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துத் தூங்கவைக்கிறாள் என்றால், அவளைக் கொடியவள் என்று நான் சொல்லமாட்டேன். பம்பாய் ஆலைகளில் வேலைக்குப் போன பெண்கள் தம் சொந்தச் சிசுக்களுக்கே அபின் உருண்டை கொடுத்துத் தூங்கவைத்ததை விட்லி தலைமையில் அமைந்த ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-ல் எடுத்துக்காட்டிற்று. அவர்களும் பெற்ற தாய்மார்தான். வைத்தியர் சீட்டும் பெற்றோரின் எழுத்தும் இன்றி எந்த மருந்தும் புகட்டலாகாது என்ற நியமமும், ஒற்றை ஆளுக்கு எண்ணிக்கை வரம்பும் இருக்குமானால், அந்தப் பிற்பகலே வேறுவிதமாயிருக்கும்.

4. தாயே இன்ஸ்பெக்டர் என்பது கேட்க இனிக்கும் வாதம். அவள் என்ன பார்க்கிறாள்? காலையில் வாசற்படியில் நின்றபடி குழந்தையைக் கைமாற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள்; மாலையில் முகம் கழுவிப் பவுடர் பூசிப் பொட்டிட்டு வைத்திருக்கும் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். நடுவிலுள்ள பத்துப் பதினொரு மணி நேரத்தில் நடந்ததைச் சொல்லக் கூடியவர் அந்த வீட்டில் ஒருவர்தான், அவர் பராமரிப்பவர். மற்ற நால்வருக்கும் பேச்சு வரவில்லை. துணிக்கடையில் துணி சரியில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற நியாயம் இங்கே செல்லாது. கைக்குழந்தையை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீடு தெருவில் ஒன்று கிடைப்பதே அரிது. தொடையில் ஒரு சிவந்த தடத்தைக் கண்டாலும், "கேட்டால் நாளையிலிருந்து கொண்டுவராதே என்று சொல்லிவிட்டால்?" என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் தாய்க்கு இன்ஸ்பெக்டர் பட்டம் சூட்டுவது பரிகாசம்.

பெற்றவள் பார்த்துக்கொள்வாள், சர்க்கார் தலையிடலாகாது என்ற கட்சி புதியதன்று. கூலிக்குச் சிசுக்களை ஏற்று, பட்டினியாலும் மயக்க மருந்தாலும் சாகவிட்ட மார்கரெட் வாட்டர்ஸ் என்பவள் 1870-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டபின், சிசு உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை 1872-ல் கொண்டுவந்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் முக்கியமானவர்கள் அக்காலத்துப் பெண்ணுரிமைக் கட்சியினர். தாயின் சுதந்திரத்திலும் ஏழைப் பெண்களின் பிழைப்பிலும் அரசாங்கம் கைவைக்கிறது என்பது அவர்களுடைய ஆக்ஷேபம். கண்ணியமான ஆக்ஷேபந்தான், அன்றைய பார்லிமெண்டில் ஒரு பெண்ணும் இல்லை என்பதை நினைத்தால் அவர்களுடைய சந்தேகத்தைக் குறை சொல்லவும் முடியாது. நிறைவேறிய சட்டமோ ஒற்றைக் குழந்தை வைத்திருப்பவளையும், பகலில் மட்டும் பார்த்துக்கொள்பவளையும் தொடாமல் விட்டது. அந்த ஓட்டைகளில் முதலாவதை அடைக்க 1908-ல் புதுச் சட்டம் வேண்டியிருந்தது. பகற்பொழுதுப் பராமரிப்பைப் பதிவு செய்யவேண்டும் என்ற விதி 1948-ல்தான் வந்தது. நம் தெருவில் குழந்தை பார்க்கும் அம்மாளை அந்த வாட்டர்ஸோடு சேர்த்துப் பேசுவது பாவம்; ஒழுங்கானவளையும் ஒழுங்கற்றவளையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லாத நிலையில், முதலில் கெட்ட பெயர் வாங்குகிறவள் ஒழுங்கானவள்தான் என்பதே நான் சொல்லவந்தது.

5. பிழைப்பு கெட்டுவிடும் என்ற வாதமே இவற்றுள் கனமானது. இதைத் தட்டிக்கழிப்பவர் ஏழைகளின் வீட்டுக் கணக்கை அறியாதவர். நம் சர்க்கார் விதி எழுதும் விதமும் பிரசித்தமானது. இரண்டு அறைப் போர்ஷனுக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சொந்தக்காரரின் சம்மதப் பத்திரம், வணிக மின்கட்டணம், இத்தனைக்கும் தனித்தனியே கை நனைத்தல் என்று ஆரம்பித்தால், நல்ல அம்மாள்கள் முதலில் விலகுவார்கள், மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தொடர்வார்கள். ஆனால் இது நியமத்தின் குற்றமா, எழுதுகிறவனின் குற்றமா? கட்டடத்துக்கு எழுதும் விதி வேறு, சிசுவுக்கு எழுதும் விதி வேறு.

சிசுவுக்கு வேண்டியவற்றைச் செலவுக் கண்ணோடு பாருங்கள். மல்லாத்தி, தட்டையான கெட்டிப் படுக்கையில், தலையணையும் பொம்மையும் இன்றிப் படுக்கவைக்கச் செலவு என்ன? ஒன்றுமில்லை. துணி மாற்றியபின்னும் பால் கலக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவ, மாதம் சில சோப்புக் கட்டிகள். வாளியைக் கவிழ்த்து வைக்கவும், மருந்தை உயரத்தில் பூட்டி வைக்கவும், கிரில் சாவியைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டவும் செலவே இல்லை. எப்போது குடித்தது, எப்போது தூங்கியது, எத்தனை முறை வெளிக்குப் போயிற்று என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவைக்கப் பத்து நிமிஷம். மூச்சடைப்புக்கும் தீப்புண்ணுக்கும் முதலுதவி கற்க இரண்டு நாள். அந்த இரண்டு நாள் வருமானத்தைச் சர்க்கார் கொடுக்கட்டும். தூளியைப் பற்றிக் கேட்பார்கள். தூளி நம் குலதனம், அதை நான் ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் வளைந்த துணியில் கழுத்து நிற்காத சிசுவின் முகவாய் மார்பில் அமுங்கி மூச்சு முட்டக் கூடுமாதலால், பக்கத்தில் கண் இருக்கும்போது ஆட்டித் தூங்கவைக்கலாம், தூங்கியபின் தரைப்படுக்கைக்கு மாற்றவேண்டும் என்று எழுதினால் போதும்.

உண்மையில் பணம் பிடிக்கும் நியமம் ஒன்றே ஒன்று: எண்ணிக்கை. ஐந்து சிசுக்களை வைத்திருப்பவளிடம் மூன்று போதும் என்றால் அவள் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அதைக் கட்டணத்தில் ஏற்றினால் பாத்திரம் துலக்கும் தாயால் கொடுக்க முடியாது. எதிர்க்கட்சியார் இவ்விடத்தில் வெற்றி முழக்கம் செய்து நின்றுவிடுகிறார்கள். இங்கேதான் விவகாரம் ஆரம்பமாகிறது. அந்த வித்தியாசத்தை யாரேனும் கொடுத்தே தீரவேண்டும். இப்போது அதைக் கொடுப்பது யார் என்றால், தன் பங்குக் கவனத்தில் குறைத்துக்கொண்டு சிசு கொடுக்கிறது. இனி அதைச் சமூகம் கொடுக்கவேண்டும் என்பதே கேள்வியின் நேர்மையான விடை. பிரான்ஸ் தேசத்தில் தன் வீட்டில் குழந்தை பார்ப்பவள் அரசாங்க அங்கீகாரம் பெறவேண்டும், 120 மணி நேரப் பயிற்சி முடிக்கவேண்டும், அதில் 80 மணி முதல் குழந்தையை ஏற்குமுன்பே. தாய்-சேய் நலத் துறையிலிருந்து வந்து வீட்டைப் பார்ப்பார்கள். கூடவே, பெற்றோர் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்ப நல நிதி திருப்பிக் கொடுக்கிறது. விதி வந்தால் வீடுகள் மூடிவிடும் என்ற ஜோசியம் அங்கே பலித்ததா? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை வெளியார் பராமரிக்கும் முறைகளுள் அங்கே முதலிடம் பெற்றதே இவ்வகை வீடுகள்தாம். அமெரிக்காவில் இவ்வீடுகளில் கொடுக்கும் ஆகாரத்துக்குச் சர்க்கார் பணம் தருகிறது. பணத்தோடு வருஷத்துக்கு மூன்று முறை ஆளும் வருகிறார்.

இங்கே முடியுமா என்பவர்களுக்கு இங்கிருந்தே ஓர் உதாரணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவியில், கர்ப்பத்தைப் பதிவு செய்து, பரிசோதனைகளுக்கு வந்து, பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால்தான் தவணை தவணையாகப் பணம் கிடைக்கிறது. இதனால் தாய்மாரின் அன்பைச் சர்க்கார் சந்தேகிக்கிறது என்று எவரும் கொடி பிடிக்கவில்லை. நிபந்தனையோடு பணமும் வந்தது, அவ்வளவுதான்.

6. "இத்தனை காலமும் என்ன ஆகிவிட்டது?" யாருக்குத் தெரியும்? பதிவே இல்லாத வீட்டில், பதிவே இல்லாத பராமரிப்பில், ஒரு சிசு இறந்தால் அது காய்ச்சல் என்றோ புரையேறியது என்றோ எழுதப்பட்டு முடிகிறது. யார் பராமரிப்பில் இருந்தபோது இறந்தது என்று கேட்பாரில்லை. கேட்டுப் பார்த்த அமெரிக்காவில், 2000-ல் வெளியான ரேச்சல் மூன் குழுவினரின் ஆராய்ச்சி, திடீர் சிசு மரணங்களில் ஐந்தில் ஒன்று பெற்றோரல்லாதார் பராமரிப்பில் இருக்கும்போது நிகழ்ந்தது என்று கண்டது. சிசுக்கள் அங்கே கழிக்கும் பொழுதைக் கொண்டு கணக்கிட்டால் 8 சதவிகிதத்தையே எதிர்பார்க்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை வீடுகளில் நடத்தும் பராமரிப்பில் நேர்ந்தவை. தாய் மல்லாத்திப் படுக்கவைத்துப் பழக்கிய குழந்தையைப் பராமரிப்பவள் குப்புறப் போட்டது ஒரு முக்கிய காரணம். எண்ணியதால் தெரிந்தது, தெரிந்ததால் 2014-ல் அந்நாட்டுச் சட்டம், சர்க்கார் உதவி பெறும் பராமரிப்பாளர் அனைவருக்கும் சிசுவைத் தூங்கவைக்கும் முறை, குழந்தையைக் குலுக்குவதால் மூளைக்கு வரும் கேடு, முதலுதவி ஆகியவற்றில் பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. நாம் எண்ணவில்லை, எண்ணாததையே சௌக்கியத்துக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறோம்.

எஞ்சியிருப்பது, வந்து பார்ப்பது யார் என்ற கேள்வி. காக்கிச் சட்டையும் வேண்டாம், ரெவின்யூ ஆபீஸரும் வேண்டாம். நம் ராஜ்யத்தில் தடுப்பூசிக் கணக்கோடு தெருத்தெருவாய் நடக்கும் சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை பகலில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இப்போதுள்ள வேலையே அதிகம் என்பது மெய். ஆகவே ஆட்களைக் கூட்டவேண்டும், அதற்கும் பணம் வேண்டும். அப்படி வருகிறவள் முதல் மூன்று வருகைகளில் குற்றம் எழுதவே அதிகாரமற்றவளாய், பால் கலக்கிக் காட்டவும், மூச்சடைத்தால் செய்யவேண்டியதை ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுக்கவும் மட்டும் வரட்டும்; எனக்குப் பூரண சம்மதம். நாலாவது வருகையிலும் ஒற்றை ஆளிடம் ஐந்து சிசுக்கள் இருக்கக் கண்டால், அவற்றுள் இரண்டை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லும் அதிகாரமும், அந்த வேறு வீடு இன்ன தெருவில் இன்ன கதவிலக்கத்தில் இருக்கிறது என்று தாயிடம் சொல்லவேண்டிய கடமையும் அவளுக்கு இருக்கவேண்டும்.